கடல் தாண்டிக் கேட்ட பாட்டு

ஜார்ஜ் லூகாஸ் 1973-ல் எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்துக்கு இசையமைப்பாளர் கிடையாது. கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற சிற்றூரில், 1962 கோடை முடியும் வேளையில், ஒரே இரவில் நடக்கும் கதை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் விடிய விடியக் காரில் ஊரைச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு காரிலும் வானொலி பாடுகிறது. அந்த வானொலிதான் படத்தின் இசை. பில் ஹேலி, பட்டி ஹாலி, சக் பெரி, பிளாட்டர்ஸ் குழு என்று ராக் அண்ட் ரோலின் முதல் பத்தாண்டுப் பாட்டுகள் வரிசையாக வருகின்றன. பிறகு இரட்டை இசைத்தட்டாக வந்தபோது அதில் 41 பாட்டுகள் இருந்தன. அந்த இசைத்தட்டை வாங்கிக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் குரல் கனிந்துவிடுகிறது. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: அந்தக் காலத்துப் பாட்டுகள் அவ்வளவு நல்ல பாட்டுகள். இந்தப் பதில் போதாது என்பதற்கு அந்தப் படத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி அதில் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. படத்தின் மொத்தச் செலவே எட்டு லட்சம் டாலரைத் தொடவில்லை. பாட்டு உரிமைக்கு ஒதுக்கியது அதில் ஏறத்தாழ 90,000 டாலர். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விலை என்று பேசினார்கள். மற்றவை பெரும்பாலும் ஒப்புக்கொள்ள, எல்விஸின் பாட்டுகளை வைத்திருந்த ஆர்.சி.ஏ. மறுத்துவிட்டது. 1962-ஆம் வருஷத்து அமெரிக்க இளமையை எல்விஸ் இல்லாமல் காட்டுவது, 1962-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டை டி.எம். சௌந்தரராஜன் இல்லாமல் காட்டுவதற்குச் சமம். ஆனாலும் பார்த்தவர்களுக்குக் குறை தெரியவில்லை. சிறந்த பாட்டுகளின் பட்டியல்தான் நினைவைக் கிளறுகிறது என்றால், தலையாய பெயர் விடுபட்ட பட்டியல் ஒரு தலைமுறையின் முழு நினைவாக எப்படி நின்றது?

விடை ஒலிப்பதிவில் இருக்கிறது. வால்டர் மர்ச் என்ற ஒலி வல்லுநரும் லூகாஸும் பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து நேரே படச்சுருளுக்கு ஏற்றவில்லை. முதலில் அறிவிப்பாளரின் பேச்சும் பாட்டுமாக முழு நீள வானொலி நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தார்கள். அதை ஒரு வீட்டின் பின்முற்றத்தில் ஒலிபெருக்கியில் போட்டு, தள்ளி ஒரு மைக்கை வைத்து, ஒலிபெருக்கியையும் மைக்கையும் அங்குமிங்கும் திருப்பிக்கொண்டே மறுபடி பதிவு செய்தார்கள். சுவரில் மோதித் திரும்பியது, காற்றில் கரைந்தது, தெருமுனை தாண்டியதும் மங்கியது எல்லாம் அதில் ஏறின. பிறகு தெளிவான பதிவையும் இந்த வெளிப்புறப் பதிவையும் காட்சிக்குத் தக்கபடி கலந்தார்கள். கார் நெருங்கினால் பாட்டு நெருங்கும், கார் கடந்தால் பாட்டும் கடந்துபோகும். பக்கத்துக் காரிலும் உணவுக் கடையிலும் அதே பாட்டு, அதே வரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவன் தனியே கேட்பதில்லை, ஊரே ஒரே நேரத்தில் கேட்கிறது. பழைய பாட்டு நினைவாக மாறுவதற்குப் பாட்டின் தரமும் பழமையும் மட்டும் போதாது. பலர் காதில் ஒரே சமயத்தில், ஓர் இடத்தின் ஓசையோடு கலந்து அது விழுந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். படம் அந்தக் கேட்கும் முறையைத் திரும்ப உண்டாக்கினால் நினைவு வரும். உண்டாக்காவிட்டால் கைதட்டல் வரும். கைதட்டலும் சின்ன விஷயமில்லை, ஆனால் அது வேறு சரக்கு.

அந்தப் படத்துக்குள் குரலாக வருபவர் உல்ஃப்மேன் ஜாக். 1960-களின் நடுவில் மெக்சிகோ எல்லைக்குள் நடப்பட்ட பெருஞ்சக்தி நிலையங்களிலிருந்து அமெரிக்கா முழுவதும் கேட்கும்படி பேசிப் பெயர் வாங்கியவர். அமெரிக்காவில் நிலையங்களின் சக்திக்கு வரம்பு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த வரம்பு செல்லாது. படத்தில் பிள்ளைகள் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். விமானத்தில் வட்டமடித்துக்கொண்டே ஒலிபரப்புகிறார் என்றுகூட ஒரு கதை. கொழும்பிலிருந்து இலங்கை வானொலியைக் கேட்ட நம் தென்கோடிக் கரைக்கு இது அந்நியமான அனுபவமில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர், சென்னையோ 500-க்கு மேல். இடையில் இருப்பது பெரும்பாலும் கடல். மத்திய அலை உப்புநீரின் மேல் நிலத்தைவிட மிகக் குறைவாகத் தேய்ந்து போகும் என்பது வானொலிப் பொறியியலின் பாலபாடம். ஆகவே திருச்செந்தூர், ஏரல், காயல்பட்டினம் பக்கத்து வீடுகளுக்குக் கொழும்பு பக்கத்து நிலையம், சென்னை தூரத்து நிலையம். இரண்டாம் உலகப் போரில் ஆசியாவிலிருந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்காக நிறுவிய பலமான சிற்றலைக் கருவியும் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்ததால், அதன் குரல் இந்தக் கரையோடு நிற்கவில்லை.

சந்தர்ப்பமும் கைகொடுத்தது. 1952-ல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதைக் குறுக்கினார். படத் தயாரிப்பாளர்களோடு உரிமத் தகராறும் சேர்ந்துகொள்ள, திரைப்பாட்டு வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒழிந்தது. அந்த வெற்றிடத்தைக் கொழும்பு நிரப்பியது. 1957 அக்டோபரில் தில்லி விவித பாரதியைத் தொடங்கியபோது நேயர்கள் ஏற்கெனவே கடல் தாண்டிப் போயிருந்தார்கள். எஸ்.பி. மயில்வாகனம், பின்னால் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் இந்தக் கரையில் உறவினர் குரல்கள் போலப் பழகியவை. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவைதான் எல்விஸையும் கிளிஃப் ரிச்சர்டையும் இந்தியத் துணைக்கண்டத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தது என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. ராக் அண்ட் ரோல் என்ற சத்தம் தாமிரபரணிக் கரைக்கு அமெரிக்காவிலிருந்து நேரே வரவில்லை, கொழும்பில் இறங்கி ஏறித்தான் வந்தது. நம் அரசு நல்ல எண்ணத்தோடு ஒன்றைத் தடுத்தால் அது அடுத்த நாட்டின் வருமானமாகிவிடும் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

வானொலி வீட்டுக்குள் செய்ததைத் தெருவில் செய்தது, ரேடியோ செட் என்று ஊரில் சொல்லும் ஒலிபெருக்கி. ஏரல் தாமிரபரணிக் கரையில் இருக்கும் கடைத்தெரு ஊர். சுற்றியுள்ள கிராமங்கள் கல்யாணச் சரக்குக்கும் அன்றாடச் சரக்குக்கும் அங்கேதான் வரும். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டமும் சேரும். இப்படிப்பட்ட ஊர்களில் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கடை திறப்பு எதுவானாலும் பனையிலோ வேம்பிலோ குழாயைக் கட்டி ரெக்கார்டு போடுவது வழக்கம். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அப்புறம் பக்திப் பாட்டுகள், பொழுது ஏற ஏறப் படப் பாட்டு. வயலில் நாற்று நடுபவர்களுக்கும், ஆற்றில் துவைப்பவர்களுக்கும், பக்கத்து ஊர்த் திண்ணையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கும். காற்று திரும்பினால் ஒரு வரி தெளியும், ஒரு வரி அழியும். மர்ச் ஒரு முற்றத்தில் மெனக்கெட்டுச் செய்ததைப் பனங்காட்டுக் காற்று காசு வாங்காமல் செய்துகொண்டிருந்தது.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். அமெரிக்காவில் பாட்டு தனியே பிறந்தது, தட்டாக விற்றது, வானொலியில் ஓடியது, பிறகு எப்போதோ ஒரு படத்தில் நுழைந்தது. தமிழில் பாட்டு படத்துக்குள்ளேயே பிறக்கிறது. அதன் மேல் ஏற்கெனவே ஒரு நடிகரின் முகமும் ஒரு கதையும் ஒட்டியிருக்கின்றன. அப்படியிருக்க அதை இன்னொரு படத்தில் வைத்தால் வருவது ஊரின் நினைவா, பழைய படத்தின் நினைவா? நியாயமான கேள்வி. ஆனால் பாட்டு படத்திலிருந்து கழன்றுகொள்ளும் இடங்கள் இருந்தன. அவைதான் மேலே சொன்ன வானொலியும் ரேடியோ செட்டும். படம் ஓர் ஊரில் சில வாரம் ஓடிப் போய்விடும், பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாட்டு வருஷக்கணக்கில் ஒலிக்கும். கேட்டவருக்கு நடிகர் முகம் தெரியாது, எந்தச் சூழலில் பாடினார்கள் என்று தெரியாது. தங்கள் தெருவையும் தங்கள் ஆட்களையும் அதில் பொருத்திக்கொண்டார்கள். படம் பேர் மறந்து பாட்டு மட்டும் நிலைத்த கதைகள் தமிழில் ஏராளம்.

இதற்கு இந்தக் கரையே தந்த நல்ல சாட்சி ஜே.பி. சந்திரபாபு. 1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர், தகப்பனாரின் விடுதலைப் போராட்ட ஈடுபாட்டால் குடும்பம் இலங்கைக்குப் பெயர, சிறுவயதைக் கொழும்பில் கழித்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து சென்னைக்குமான அந்த வழி அவர் பாடும் முறையில் தெரிகிறது. தொண்டையை உடைத்து மேலே ஏற்றி இறக்கும் யோடலிங்கைத் தமிழ்ப் படத்தில் பழக்கப்படுத்தியவர் அவர். ‘மணமகன் தேவை’ (1957), ‘புதையல்’ (1957), ‘மரகதம்’ (1959), ‘சகோதரி’ (1959) ஆகிய படங்களில் அவர் பாடியவற்றில் மேற்கத்தியத் தாளமும் தெருக்கூத்துக் கோமாளியின் கிண்டலும் ஒரே மூச்சில் வரும். 1958-ல் வந்த ‘பதிபக்தி’யில் ராக் அண்ட் ரோலையே பேர் சொல்லிப் பாடும் பாட்டும் அவருடையதுதான். அதே வருஷம் ‘உத்தமபுத்திர’னில் ஜி. ராமநாதன் போட்ட மெட்டுக்கு ஹெலன் ஆடினார். ராஜா ராணிக் கதைக்குள் ராக் தாளம் நுழைந்தது பற்றி யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை வந்த படங்களை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ‘சகோதரி’யின் கதையைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொல்வது சிரமம், தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு சந்திரபாபு பாடியது எல்லோருக்கும் தெரியும். பாட்டு படத்தைவிட்டு இறங்கித் தெருவில் நடந்ததற்கு இது போதுமான ஆதாரம். அவர் பாட்டு அரைகுறை மேல்நாட்டுச் சரக்கு, நம் நினைவில் சேராது என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நினைவு குலம் கோத்திரம் கேட்பதில்லை. கொடைவிழாவில் சீர்காழிக்கும் சந்திரபாபுவுக்கும் ஒரே குழாய்தான்.

தமிழ்ப் படங்கள் பழைய பாட்டை எடுத்தாளுவதைப் பார்க்கும்போது இந்த அளவுகோல் பயன்படுகிறது. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) 1980-ஆம் வருஷத்து மதுரையில் நடப்பது. அதே வருஷம் வந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தில் இளையராஜா அமைத்த காதல் பாட்டு ஒன்று அதில் நாயகன் நாயகியின் பார்வைகளோடு சேர்ந்து வருகிறது. ‘முரட்டுக்காளை’ ஓடும் திரையரங்கின் ஆரவாரம் முழுதாக ஒரு காட்சியாகிறது. அங்கே நமக்குக் கிடைப்பது ரஜினி பாட்டு மட்டுமில்லை, அந்தப் பாட்டுக்கு ஒரு கூட்டம் ஆடிய ஆட்டமும் கிடைக்கிறது. பாட்டைக் கேட்பவர்களை நாம் பார்க்கிறோம்; அதனால் நாமும் அவர்களோடு உட்கார்ந்து கேட்பவர்களாகிறோம். அந்தப் படத்துக்குப் புதுப் பாட்டுப் போட்ட ஜேம்ஸ் வசந்தனுக்கு இது ஒரு சவால், அவர் அதை நன்றாகவே சமாளித்தார். ஆனால் வருஷத்தை நாட்டியது பழைய பாட்டுகள்தான்.

‘96’ (2018) இந்த வாதத்துக்குச் சிக்கலாகத் தோன்றலாம். அதில் வானொலியும் இல்லை, குழாயும் இல்லை. தஞ்சாவூர்ப் பள்ளி வகுப்பறையில் ஜானு என்ற மாணவி எழுந்து பாடுகிறாள், அவ்வளவுதான். ‘தளபதி’யில் (1991) வந்த ஒரு பாட்டை, அவளை நேசிக்கும் ராம் பலமுறை கேட்டும் அவள் பாடாமலே இருக்கிறாள். கடைசியில் சென்னையில் அவன் வீட்டில் மின்சாரம் போன இருட்டில், வாத்தியம் இல்லாத குரலில் பாடுகிறாள். அவன் தட்டுத்தடுமாறி ஓடி வருகிறான். கொஞ்சம் யோசித்தால் இது விதிவிலக்கில்லை. அங்கும் பாட்டு கதை நடக்கும் இடத்தில், அங்கிருக்கும் காதுகளுக்காக ஒலிக்கிறது. இயக்குநர் பிரேம்குமார் மூலப் பதிவைப் பின்னணியில் ஓட்டியிருந்தால் அது இளையராஜாவின் பாட்டாக மட்டும் இருந்திருக்கும். வகுப்பறையில் பழகிய குரலில் வந்ததால் அது அந்த வகுப்பின் பாட்டாகிவிட்டது.

இரண்டாவது மறுப்பு உளவியலிலிருந்து வருகிறது. மனிதர் எவரும் பதின்வயதிலும் இருபதுகளிலும் நடந்தவற்றைத்தான் அதிகமாக நினைவில் வைக்கிறார்கள். அந்த வயதில் எந்தப் பாட்டு ஒலித்தாலும் பிற்பாடு அது இனிக்கும். அப்படியானால் ஒலித்த முறை, இடம், கூட்டம் என்று சுற்றி வளைப்பானேன்? இது பாதி உண்மை. மீதிப் பாதியை 2013-ல் கார்னல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக்குடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இருபது வயதை ஒட்டிய இளைஞர்களிடம் பல பத்தாண்டுகளின் புகழ்பெற்ற பாட்டுகளைப் போட்டுக் காட்டியபோது, தங்கள் காலத்துப் பாட்டுகளோடு தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளிலும் அவர்களுக்கு நினைவும் பிரியமும் தூக்கலாக இருந்தன. பிறப்பதற்கு முந்திய பாட்டு அது. வயதுக் கணக்கு மட்டும் இதை விளக்காது. வீட்டில் சேர்ந்து கேட்டது விளக்கும். ‘லப்பர் பந்து’ (2024) படத்தில் உள்ளூர் கிரிக்கெட் ஆட்டக்காரர் ‘கெத்து’ மட்டை பிடிக்க இறங்கும்போது விஜயகாந்த் நடித்த ‘பொன்மனச் செல்வன்’ (1989) படப் பாட்டு ஒலிக்கிறது. திரையரங்கில் அதற்கு எழுந்து ஆடியவர்களில் பலர் 1989-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த விஜயகாந்த் படம் நினைவில் இல்லை. அப்பாவின் பேருந்தில், சித்தப்பாவின் கல்யாண வீட்டில் கேட்ட சத்தம் நினைவில் இருந்தது. படமும் அதை ஒரு மைதானத்தின் பாட்டாக, ஓர் ஊரே ஒருவருக்குக் கொடுத்த பட்டமாக வைத்திருந்தது.

மூன்றாவது மறுப்பு வியாபாரம். பழைய பாட்டைப் போடுவது சோம்பல், புதிதாக ஒன்றைச் செய்யாமல் பழைய அன்பைக் கடன் வாங்குவது என்கிறார்கள். இளையராஜாவே 2019-ல் ‘96’ பற்றி இதையே கடுமையான சொற்களில் சொன்னார். ‘குணா’ (1991) பாட்டைப் பயன்படுத்திய மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு 2024-ல் அவர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியது; ‘குட் பேட் அக்லி’ படத்தில் அவர் பாட்டுகளைப் பயன்படுத்தியது பற்றிய வழக்கு 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உரிமைக் கேள்வியை நீதிமன்றம் தீர்க்கட்டும். ரசனைக் கேள்வியில் இளையராஜாவின் கோபத்துக்குப் பாதி நியாயம் உண்டு. நாயகன் நடந்து வரும்போதும் அடிதடியின்போதும் பழைய பாட்டை மேலே ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அங்கே பாட்டு எங்கிருந்தும் வருவதில்லை. கதைக்குள் யாரும் அதைக் கேட்பதில்லை. பார்வையாளர் அடையாளம் கண்டு விசிலடிக்கிறார், அத்தோடு அது முடிந்தது. ஆனால் ‘96’ஐயும் அந்தக் கணக்கில் சேர்த்தது அவர் தவறு என்றே தோன்றுகிறது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் கொடைக்கானல் குகையில் சிக்கிய நண்பனை மீட்கும் பிள்ளைகளுக்கு ‘குணா’ பாட்டு தற்செயலாக வரவில்லை. அந்தக் குகைக்கே ‘குணா’ படத்தின் பேர்தான். லூகாஸும் வியாபாரிதான். செலவைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் சம்பாதித்த படம் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’. வியாபாரம் என்பதால் நினைவு பொய்யாகிவிடாது.

லூகாஸின் படத்தில் மில்னர் என்ற கார்ப் பந்தயக்காரன் பட்டி ஹாலி செத்ததோடு ராக் அண்ட் ரோலும் போய்விட்டது என்று அலுத்துக்கொள்வான். ஹாலி இறந்தது 1959 பிப்ரவரியில். மூன்றே வருஷத்துக்கு முந்திய காலத்துக்கு அவன் ஏங்குகிறான். முடிவில் வரும் எழுத்துகள் அவன் 1964-ல் விபத்தில் செத்ததையும், டெரி என்ற நண்பன் 1965-ல் வியட்நாமில் காணாமல் போனதையும் சொல்கின்றன. வெறும் பதினோரு வருஷம் பின்னால் பார்த்த படம் இவ்வளவு தொலைவாகத் தெரிந்ததற்கு நடுவில் விழுந்த அந்த வெட்டுதான் காரணம். நம் கரைக்கும் அப்படியொரு வெட்டு உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அதன் வழிச் சென்ற கொழும்புப் பயணத்தையும் அழித்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு என்ற சொல்லே இந்தப் பக்கம் வேறு பொருள் கொண்டது. பாட்டுக் கேட்ட திசையிலிருந்து அகதிகள் வந்தார்கள். அதே ஆண்டுகளில் கேசட்டும் தொலைக்காட்சியும் வீடு வீடாக நுழைந்து, சேர்ந்து கேட்பதைத் தனித்தனியாகக் கேட்பதாக்கின. 1950-60களின் இலங்கை வானொலி நேரத்தையும் சந்திரபாபுவையும் தெருக் குழாயையும் வைத்து, ஒரே இரவில் நடக்கும் தூத்துக்குடிப் படம் ஒன்றுக்கு இங்கே எல்லாச் சரக்கும் இருக்கிறது. அண்மையில் பேசப்பட்ட படங்களின் நினைவோ பெரும்பாலும் இளையராஜாவோடு, 1976-ல் தொடங்குகிறது. இயக்குநர்களின் வயதும் உரிமைச் செலவும் அதற்குக் காரணங்கள். இன்னொரு தடை தொழில்நுட்பம் சார்ந்தது. பாட்டுகள் இசைத்தட்டில் இருந்தன, தட்டுகளை நிறுவனங்கள் பத்திரப்படுத்தின. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அறிவிப்பாளர் சொன்னது, வாசித்த நேயர் பெயர்கள், அந்த ஊர்ப் பேர்கள் எதுவும் தட்டில் இல்லை. லூகாஸுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தபோது உல்ஃப்மேன் ஜாக்கையே கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடி பேசவைக்க முடிந்தது. தமிழில் அந்த வேலையைச் செய்ய நினைப்பவர், மயில்வாகனம் ஏரல் நேயருக்காக ஒரு பாட்டை அறிவிப்பது எப்படி இருந்திருக்கும் என்பதைக் கேட்டவர்களின் காதுகளிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.